நேர்கோட்டில் ஒரு கால் மைல்

வேகத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சாதாரணமாக ஒரே ஒரு மனிதரைத்தான் கவனிக்கிறார்கள். தலைக்கவசம் அணிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரை. கோப்பையில் பொறிப்பது அவர் பெயர். மறுநாள் பத்திரிகையில் வருவது அவர் படம். அவருக்குப் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஆசாமி படத்தில் பாதி வெட்டுப்பட்டுப் போகிறார். விருந்தை மெச்சும்போது பரிமாறினவரைப் புகழ்ந்துவிட்டு, சமைத்தவர் இருக்கும் திசையையே பாராமல் எழுந்து போவதைப் போன்ற காரியம் இது. மோட்டார்ப் பந்தயத்தின் கதையைச் சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்தால் என்ன என்று எனக்கு நெடுநாளாக ஆசை. அந்தச் சமையற்கட்டில் நானும் கொஞ்ச காலம் காய் நறுக்கியிருக்கிறேன்.

நான் சொல்லப் போவது வளைந்து வளைந்து சுற்றும் பந்தயத்தைப் பற்றி அல்ல. பந்தயங்களில் மிகவும் எளிமையானது ஒன்று உண்டு. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நிற்கும். அடையாளம் கிடைத்ததும் புறப்பட வேண்டியது. எதிரே வளைவு இல்லை, மேடு இல்லை, ஒரே நேர்கோடு. 1,320 அடி, அதாவது கால் மைல். மீட்டர்க் கணக்கில் 402. எவன் முதலில் எல்லையைத் தாண்டுகிறானோ அவன் ஜயித்தவன். அமெரிக்கர்கள் இதற்கு டிராக் பந்தயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பித்துவிட்டது என்று பார்க்கிறவர் எழுந்து நிற்பதற்குள் முடிந்துவிடும்.

இந்த விளையாட்டு எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புதிது அல்ல. எங்கள் ஊர் ஆத்தூர். சேலத்து ஆத்தூர் என்று நினைத்துவிடக் கூடாது. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே செம்பட்டிக்குப் பக்கத்தில், காமராஜர் அணை இருக்கும் ஆத்தூர். எங்களுக்கு மேற்கே பல்லடம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வட்டாரத்தில் ரேக்ளா என்றால் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் அளந்து, ஒவ்வொரு ஜோடிக் காளையாக ஓடவிட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். தெற்கேயும் கிழக்கேயும், மதுரை, சிவகங்கை, தேனிப் பக்கங்களில், பல வண்டிகளை ஒன்றாக விட்டு, மைல் கணக்கில் தார்ச் சாலையில் போய்த் திரும்பச் சொல்வார்கள். முன்னது நேர்கோட்டுப் பந்தயம். பின்னது நெடுந்தூரப் பந்தயம். இரண்டு சம்பிரதாயங்களும் சந்திக்கும் இடத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஆகவே அமெரிக்கர்களின் கால் மைலைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, "அட, இது மேற்கத்தி ரேக்ளா அல்லவா!" என்றுதான் தோன்றியது.

அந்தக் கால் மைல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1905-லேயே இங்கிலாந்தில் பிரைட்டன் கடற்கரைச் சாலையில் கார்களை நேராக ஓடவிட்டு வேகம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. ஏழைப் பையன்கள் கையில் இந்தப் பந்தயம் வந்து சேர்ந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில்தான். அங்கே பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகள் உண்டு. மியூராக் என்ற ஏரியின் படுகை சிமென்டுத் தளம் போல இறுகிக் கிடக்கும். 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவான காரில் வைத்து விற்றது. சக்தி 65 குதிரை. அந்தக் கார் பழசாகி இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறி விலை இறங்கியபோது, பட்டறைப் பையன்கள் அதை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள், கூரையைக் கழற்றினார்கள், வேகத்துக்கு உதவாத எதையும் கழற்றி எறிந்தார்கள். மிஞ்சியதை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். 1937-ல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் ஏற்பட்டுவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்தபோது இரண்டு சாமான்கள் ஏராளமாக மீந்து கிடந்தன. ஒன்று, விமானங்களின் உதிரிப் பாகங்கள். போர் விமானத்தின் வயிற்றில் மாட்டும் பெட்ரோல் தொட்டி ஒன்றை 1946-ல் பில் பர்க் என்பவர் வாங்கி, அதற்குள்ளேயே எஞ்சினை வைத்து, தானும் உட்கார்ந்து ஓட்டினார். இன்னொன்று, விமானத் தளங்கள். 1950 ஜூலையில் கலிபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில் விமான ஓடுதளத்திலேயே டிக்கட் போட்டு நேர்கோட்டுப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேச அளவில் ஒரு சங்கத்தை நிறுவினார். தெருவில் ஓட்டி உயிரை விட்டுக்கொண்டிருந்த பையன்களை ஓடுதளத்துக்கு அழைத்து வருவதுதான் அவருடைய நோக்கம். இங்கிலாந்திலும் அதே கதைதான். சில்வர்ஸ்டோன் என்ற உலகப் பிரசித்தி பெற்ற பந்தயக் களம் யுத்த காலத்து விமானத் தளம். 1948-ல் அங்கே பந்தயம் தொடங்கியது. 1950 மே மாதம் உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. குண்டு போடுவதற்காகச் செய்த நேர்கோடுகள் விளையாட்டுக்கு வந்து சேர்ந்தன. யுத்தம் செய்த நல்ல காரியங்களுக்குக் கணக்கு எழுதினால் ஒரு பக்கம்கூட நிறையாது. அதில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் தமிழ்நாட்டிலும் யுத்தம் நேர்கோடுகளை விட்டுவிட்டுப் போனது. பர்மா விழுந்த பிறகு ஜப்பானியர் எந்தக் கணமும் வரலாம் என்ற பயத்தில் வெள்ளைக்காரச் சர்க்கார் கண்ட இடமெல்லாம் விமானத் தளம் போட்டது. சூலூர், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம். சூலூர் இன்றும் விமானப் படையிடம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் சோழவரத்துக்கு மட்டும் வேறு யோகம் அடித்தது. 1953-ல் சென்னையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. அந்தக் கிளப் சோழவரம் ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் சோழவரம் என்ற பெயர் இந்தியாவில் கார் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் திருவிழாப் பெயர் ஆயிற்று. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கார்கள் வரும். ராஜ குடும்பத்தார் வெளிநாட்டுக் கார்களோடு வருவார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே உள்ளூர் பட்டறைக்காரர்கள் தாங்களே தட்டி நிமிர்த்திய வண்டிகளோடு நிற்பார்கள்.

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். ராஜாக்களிடம் பணம் இருந்தது, சரி. பட்டறைக்காரருக்குக் கார் கட்டும் தைரியம் எங்கிருந்து வந்தது? அந்தத் தைரியத்துக்கு இந்த மண்ணில் வயது அதிகம். 1903-லேயே சென்னை சிம்ப்ஸன் கம்பெனியில் ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழில் ஆரம்பித்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்த மனிதர் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டியே யந்திர சாஸ்திரம் கற்றவர். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார், கரியை எரித்து அதிலிருந்து வரும் வாயுவால் பஸ்ஸை ஓட்டும் சாதனத்தைச் செய்து கொடுத்தார். பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு பிரயாணம் செய்த தலைமுறை அது. இல்லாததைக் கொண்டு ஓட்டுவது என்பதில் நம்மவர்களுக்கு முப்பது நாற்பது வருஷப் பழக்கம் ஏற்கனவே இருந்தது.

எங்கள் திண்டுக்கல்லின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பூட்டு தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டைச் செய்கிறவர் கையில் இருப்பது அரம். இரும்புத் தகட்டை மயிரிழை மயிரிழையாக ராவி, சாவிக்கும் நெம்புக்கும் இடையே காற்றுப் புகும் அளவு இடைவெளி விட வேண்டும். அதிகம் ராவினால் எந்தச் சாவியும் திறக்கும். குறைவாக ராவினால் சொந்தச் சாவியே திறக்காது. மோட்டார் எஞ்சினும் அவ்வளவுதான். அரம் பிடித்துப் பழகிய ஊரில் மெக்கானிக்குகள் நல்லவர்களாக அமைவதில் ஆச்சரியம் இல்லை.

சோழவரம் களைகட்டிய நாட்களில் சர்க்காரின் கொள்கையும் ஒரு விதத்தில் பந்தயத்தை நடத்திற்று. 1953-ஐ ஒட்டி, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இல்லாத கார்க் கம்பெனிகளுக்கு இங்கே இடம் இல்லை என்று முடிவாயிற்று. அமெரிக்கக் கம்பெனிகள் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்றே கார்கள் என்று சொல்லலாம். கல்கத்தாப் பக்கத்து அம்பாஸடர், 1,489 ஸி.ஸி. பம்பாய் ஃபியட், 1,089 ஸி.ஸி. நம் சென்னை வண்டலூரில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 ஸி.ஸி. மூன்றும் குடும்பஸ்தர்களின் கார்கள். மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போவதற்கென்று செய்தவை. பந்தயத்துக்கு வேண்டிய கார்புரேட்டரோ, பிஸ்டனோ, டயரோ இறக்குமதி செய்வது லேசான காரியம் அல்ல. ஆகவே கையில் இருக்கும் குடும்பக் காரைத்தான் குதிரையாக்க வேண்டும்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் தெரிந்துகொண்டேன். கல்லூரிப் படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றுபோய், கதை எழுதிப் பிழைக்கலாம் என்ற எண்ணமும் இன்னும் துளிர்க்காத காலம். 2001-ஆம் வருஷம். பட்டறை முதலாளியை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் சென்னைக்குப் போய் ஒரு பட்டறையில் சேர்ந்தவர். அங்கிருந்து ஏழெட்டு வருஷம் சோழவரத்துக்குப் பந்தயக் கார்களோடு போய் வந்தவர். கார் ஓட்டினவர் யார், ஜயித்தவர் யார் என்று கேட்டால் யோசிப்பார். எந்தக் காரில் எந்தப் பல் சக்கரம் இருந்தது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

அவர் சொன்ன முறை இதுதான். எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்து அடிப்புறத்தைச் சீவ வேண்டும். சீவினால் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் சுருங்கும். பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுக நசுங்கி, இன்னும் பலமாக வெடிக்கும். ஆனால் அளவு மீறிச் சீவினால் பெட்ரோல் தீப்பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும். பிஸ்டனில் ஓட்டை விழும். அந்த நாளில் இங்கே விற்ற பெட்ரோலின் தரத்துக்கு எவ்வளவு சீவலாம் என்பதில்தான் மெக்கானிக்கின் மூளை இருந்தது. வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்கப் பிசைந்த கோதுமை மாவைப் பிஸ்டன் மேல் அப்பி, ஹெட்டை மாட்டிச் சுற்றிவிட்டு, மறுபடியும் கழற்றி, மாவில் பதிந்த தடத்தின் கனத்தைப் பார்ப்பார்கள். காற்று வரும் வழியை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவார்கள். பிளைவீலைக் கடைந்து எடையைக் குறைப்பார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைப்பார்கள். பின் ஸீட்டு, விரிப்பு, கதவின் உள் அட்டை எல்லாம் வீட்டுக்குப் போய்விடும்.

"தம்பி, சக்தியைக் கூட்டுறது கஷ்டம். எடையைக் குறைக்கிறது சுலபம். முதல்லே சுலபமானதைச் செய்யி" என்பார் மேஸ்திரி. கதை எழுத வந்த பிறகும் இந்த வாக்கியம் எனக்கு உபயோகப்பட்டிருக்கிறது.

2002-ல் நத்தம் சாலையில் ஒரு புளிக் கிடங்குக்குப் பின்னால் ஹெரால்டு ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தது. அதன் மேல் ஆமணக்குச் செடி முளைத்திருந்தது. இரும்பு விலைக்கு வாங்கினோம். ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்றக் கார்களைப் போல உடம்பும் எலும்பும் ஒன்றாக ஒட்டியது அல்ல. அடியில் தனியாகச் சட்டம் இருக்கும். மேலே உள்ள தகடுகளை எல்லாம் போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். முன்மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். எஞ்சின் சமையல் மேடையில் வைத்த பாத்திரம் போல மூன்று பக்கமும் கைக்கு எட்டும். கட்டுகிறவனுக்கு இதைவிடத் தயவான கார் கிடையாது.

பட்டறை வேலை முடிந்த பிறகு இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை எங்கள் நேரம். பின்னுடம்பைக் கழற்றினோம். சட்டம், எஞ்சின், முன்மூடி, நான்கு சக்கரம், இவ்வளவுதான் மிஞ்சியது. உட்காருவதற்கு இரும்புச் சட்டம் வளைத்து, கட்டில் பின்னுகிறவரிடம் நைலான் நாடா பின்னி வாங்கினோம். வண்டி கவிழ்ந்தால் தலைக்குக் காவலாகத் தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்தோம். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே கணத்தில், ஒரே அளவு திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு சிலிண்டர்கள் ஓடும்போது இரண்டு தூங்கும். அந்த இணைப்புக் கம்பியை எங்களால் சரியாக்க முடியவில்லை. மேஸ்திரி ஒரு பூட்டுத் தொழிலாளியைக் கூட்டி வந்தார். அவர் மோட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். "இருக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி. மறுநாள் மாலை கொண்டுவந்தார், ஆட்டம் இல்லை.

கார் தயாராயிற்று, ஓட்ட நேர்கோடு வேண்டுமே! பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதில் மேஸ்திரி கண்டிப்பானவர். சோழவரத்தில் பழகியவர் அப்படித்தான் இருப்பார். அப்போதுதான் வானம் வழி செய்தது. அதை வழி என்று சொல்ல மனம் கூசுகிறது. 2002, 2003 வருஷங்களின் வறட்சி எங்கள் பக்கத்தில் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்துக் குளம் அடிவரை வற்றி, வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு பகுதியில் மண் எடுக்க வந்த வண்டிகள் மிதித்து மிதித்துத் தளம் போல ஆக்கியிருந்தன. குளத்தில் தண்ணீர் இருந்திருந்தால் எங்களுக்குப் பந்தயம் இல்லை. தண்ணீர் இல்லாததால் சுற்றுவட்டாரத்தில் நடவு இல்லை. கலிபோர்னியாப் பையன்கள் வற்றின ஏரியில் ஓடியபோது அவர்களுக்கு இந்த நெருடல் இருந்திராது. அவர்களுடைய ஏரியை நம்பி யாரும் நாற்று விடவில்லை.

ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, கயிறு பிடித்து 440 கஜம் அளந்தோம். நிறுத்துவதற்கு அதைப் போல இன்னொரு பங்கு காலி இடம் விட்டோம். போட்டிக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு ஃபியட் வந்தது. ஓட்டியது நான்தான். அதற்குக் காரணம் என் சாமர்த்தியம் அல்ல; பட்டறையில் எல்லோரையும் தராசில் நிறுத்தியதில் நான்தான் குறைச்சல்.

முதல் ஓட்டத்தில் கொடி விழுந்ததும் கிளட்சை விட்டேன். எஞ்சின் கத்திற்று, பின் சக்கரங்கள் சுழன்றன, புழுதி எழுந்தது. கார் மட்டும் புறப்பட யோசித்தது. ஃபியட் ஜயித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ரேக்ளாக் காளை வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் மாடு இதைவிடச் சுருக்காக் கிளம்பும், மாமா" என்றார் மேஸ்திரியிடம். மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. "கொண்டாங்க மாப்பிள்ளை, பார்த்துடுவோம்" என்றார். இரண்டையும் ஒன்றாக விட்டால் மாடு மிரளும். ஆகவே கொங்கு நாட்டு முறைப்படி தனித்தனியாக ஓடவிட்டுக் கடிகாரத்தில் பார்த்தோம். 200 மீட்டர் எல்லையில் கார்தான் முந்தியது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேஸ்திரி முதல் இருபது கஜத்துக்கு மட்டும் தனியாக ஒரு தடவை நேரம் பார்க்கச் சொன்னார். அதில் காளைகள் ஜயித்தன.

ஊரே ஆரவாரம் செய்தது. மேஸ்திரி காளையின் காலடியில் குந்தி உட்கார்ந்து, குளம்பு வண்டலில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று விரல் விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, "தம்பி, பலம் எஞ்சின்லே இல்லை, தரையைப் பிடிக்கிற இடத்திலே இருக்கு. மாட்டுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலே" என்றார்.

டிராக் பந்தயத்தின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். அமெரிக்காவில் இதற்காகத்தான் வரிப்பள்ளமே இல்லாத வழவழப்பான அகல டயர் செய்தார்கள். எஞ்சினின் எடையைப் பின் சக்கரத்தின் மேல் தள்ளினார்கள். புறப்படும் இடத்தில் பசை போன்ற திரவத்தைத் தெளித்தார்கள். அங்கே உச்ச வகுப்புக் கார்கள் இன்று மணிக்கு 330 மைலுக்கு மேல் போகின்றன. அந்த வேகத்துக்குக் கால் மைல் ஆபத்தாகிவிட்டது என்று, 2008-ல் ஒரு மரணத்துக்குப் பிறகு, அந்த வகுப்புகளுக்குத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். எங்களிடம் இருந்தவை இரண்டு மணல் மூட்டைகள். அவற்றைப் பின் சக்கரங்களுக்கு மேலே கட்டினோம். எடையைக் குறைக்கச் சொன்ன அதே மேஸ்திரிதான் எடையை ஏற்றச் சொன்னார். டயரில் காற்றைப் பதினான்கு பவுண்டுக்கு இறக்கினோம். இரண்டாம் ஓட்டத்தில் ஹெரால்டு ஃபியட்டை ஒரு கார் நீளம் முந்திற்று.

நான் இறங்கி வந்தபோது மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், செங்கல் நிறமாக இருந்தால் சரி. செங்கல் நிறமாகத்தான் இருந்தது.

பெரிய உலகத்தில் அதற்குள் எவ்வளவோ மாறிவிட்டிருந்தது. 1990-ல் சென்னைக் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயக் களத்தைத் திறந்தது. சுற்று 3.7 கிலோமீட்டர். சோழவரத்தின் திருவிழாக் காலம் அதோடு முடிந்தது. கோயம்புத்தூரில் ஆலை அதிபர் குடும்பத்தில் 1954-ல் பிறந்த எஸ். கரிவரதன், 796 ஸி.ஸி. மாருதி எஞ்சினை வைத்து, சாதாரணச் செலவில் ஓட்டக்கூடிய பந்தயக் காரை வடிவமைத்தார். 1988 முதல் ஃபார்முலா மாருதி என்ற பெயரில் அவை ஓடின. அவர் தாமே ஓட்டினவர்தான். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது, கட்டினவர் என்பதால். 1995-ல் வானூர்தி விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் குளத்தில் ஹெரால்டு ஓடிய அதே வருஷம். அவர் கட்டிய மாருதிக் காரில் பந்தயப் பழக்கத்தைத் தொடங்கிய கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நகரத் தெருவிலேயே விளக்கு வெளிச்சத்தில் பந்தயம் நடந்தது. இவை எல்லாம் எழுதப்பட்டுவிட்ட சரித்திரம். சந்தோஷமான விஷயம்.

எழுதப்படாத சரித்திரம் அதன் அடியில் கிடக்கிறது. காளைப் பந்தயத்துக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது, பரிந்து பேச ஒரு நாடே கிளம்பிற்று. 2017-ல் சட்டம் திருந்தியது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஒப்புக்கொண்டது. ரேக்ளாவின் முறை காளைக்காரர் வீட்டில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டே இருக்கும். சோழவரத்துக் கார்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பந்தயம் முடிந்ததும் அந்த எஞ்சின் வேறு காருக்குப் போகும், சக்கரம் வேறு காருக்குப் போகும், மிஞ்சியது எடைக்குப் போகும். எங்கள் ஹெரால்டும் அப்படித்தான் போயிற்று. முன்மூடியை மட்டும் ஒருவர் கேட்டு வாங்கிக் கோழிக் குடாப்பாக்கிக்கொண்டார். கோழிகளுக்கு அதில் நல்ல காற்றோட்டம் என்று கேள்வி.

கார் போனால் போகட்டும். இரும்பு மறுபடியும் கிடைக்கும். எத்தனை தூரம் சீவினால் இந்தப் பெட்ரோலுக்கு எஞ்சின் தாங்கும், எவ்வளவு கடைந்தால் பிளைவீல் சிதறாது என்று, பத்துப் பிஸ்டன்களை உடைத்துப் பதினோராவதில் கற்றுக்கொண்ட அறிவு போனால் எங்கே கிடைக்கும்? கோவையிலும் மதுரையிலும் சென்னைப் புதுப்பேட்டைப் பக்கத்திலும் அந்த அறிவைக் கையில் வைத்திருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் நோட்டுப் புத்தகம் இருக்கலாம். கறை படிந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குகள் இருக்கலாம். பழைய பேப்பர்க்காரர் வருவதற்குள் பேரப்பிள்ளைகள் அவற்றை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கும் காலம் இது. ஒரு விடுமுறையில் ஒரு கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டால், அது ஒரு சரித்திரப் புத்தகத்துக்குச் சமானம்.

மேஸ்திரி காலமான பிறகு அவர் வீட்டார் எனக்கு ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார்கள். முதல் பாதி முழுவதும் சோழவரம். தேதி, வண்டி, ஹெட்டில் சீவிய அளவு, கார்புரேட்டர் ஊசியின் எண், பிளக்கின் நிறம். பின்பாதியில் எங்கள் ஹெரால்டு. ஒவ்வொரு இரவும் செய்த வேலை வரிசையாக இருக்கிறது. கம்பி ராவிக் கொடுத்த பூட்டுத் தொழிலாளியின் பெயரும் அவருக்குக் கொடுத்த கூலியும் இருக்கின்றன. கட்டில் நாடா பின்னினவர் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் குளத்து ஓட்டம்: மணல் இரண்டு மூட்டை, காற்று பதினான்கு, பிளக் செங்கல் நிறம், முதல் இருபது கஜம் மாடு.

ஓட்டினவர் யார் என்று மட்டும் அவர் எழுதவில்லை.